சைலன்சர் பக்கம் எது?

கே: புல்லட்டில் செங்கோட்டை வழியாகத் தென்மலை போக ஆசை. வண்டியின் இருபுறமும் கழற்றி மாட்டும் சாமான் பெட்டியின் விலைதான் மலைக்க வைக்கிறது. மலிவாக வழியுண்டா?
- வாசகர், மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: விடிகாலையில் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கம் நின்று பால்காரர் வண்டியைப் பாருங்கள். இருபுறமும் கொக்கி, கொக்கியில் கேன். கழற்றி மாட்டுவதில் அவரை மிஞ்ச எந்தக் கம்பெனி இருக்கிறது?

வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்து, பையைத் தாங்க இருபுறமும் ஸ்டே போடுங்கள். தார்ப்பாயில் இரண்டு பை தைத்து, பக்கிள் வாரால் இழுத்துக் கட்டுங்கள். கனமான சாமான் அடியில். இருபக்கமும் எடை சமம். இண்டிகேட்டர் மறையக் கூடாது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பால்கோவாவை மட்டும் சைலன்சர் பக்கப் பையில் வைக்காதீர்கள். ஆரியங்காவு தாண்டுவதற்குள் சைலன்சர் சூடு அதை இன்னொரு தடவை கிண்டி முடித்திருக்கும்!