தேய்மானம் போக

விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்வையிட்டு நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர்களில், வயது முதிர்ந்து, கீர்த்தி பெற்று, சிஷ்யர்களைச் சேர்த்துக்கொள்ளும் பருவத்தை எட்டிவிட்ட மகாநுபாவர்களை நீங்கள் அறிவீர்கள்; சேலத்தில் ஆபீசும் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஜீவனோபாயமும் வைத்திருக்கும் நம் பெரியவர் அந்த வர்க்கத்தின் சிகரம். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 1968-இல் செய்த திருத்தம் இந்தத் தொழிலுக்கு உரிமம் அவசியம் என்று விதித்தது. அந்த உரிமத்துக்குப் பரீட்சை தேறினால் மட்டும் போதாது, உரிமம் உள்ள ஒருவரிடம் பன்னிரண்டு மாதம் பயிற்சியும் பெற்றாக வேண்டும் என்பதனால், என்ஜினீயரிங் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் இவர் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

பேட்டியை இவர் ஆபீசில் நடத்துவதில்லை. "வாங்க தம்பி, மலை மேல ஒரு சர்வே இருக்குது, போற வழியில பேசிக்கலாம்" என்று அபேட்சகரின் மோட்டார் சைக்கிளிலேயே பின்னால் ஏறிக்கொண்டு, பெட்ரோலைப் பற்றிய பிரஸ்தாபம் எழ இடம் கொடாமல், தம் காரியத்தை முடித்துக்கொண்டபின், 1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் எழுந்தருளியிருக்கும் கோயிலுக்கு முன்னால், ஜீப்புகளும் வேன்களும் நிற்கும் வெளியில் குடையை ஊன்றிக்கொண்டு கேள்வியை ஆரம்பிப்பார். பொடி போடுவதும், நடுவே அபேட்சகர் செலவில் மிளகாய் பஜ்ஜி உண்பதும் உண்டு, அவற்றை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது தேய்மானம். மோட்டார் பாலிசியில் பாகங்களுக்குக் கழிக்கும் அட்டவணை இவருக்கு வேதம்: ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பாட்டரி என்றால் 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30, கண்ணாடிக்குக் கழிவே இல்லை, இரும்புச் சாமானுக்கோ வண்டியின் வயதைப் பார்த்து, ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, அப்புறம் 5, 10, 15 என்று ஏறி, ஐந்து வருஷம் தாண்டினால் 40, பத்து தாண்டினால் 50. இதை வண்டிகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இராது.

"பாஸ் பண்ணி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆறு வருஷம் சார்."

"அப்ப நாப்பது போச்சு."

பையன் பதறிப்போய், லாமினேட் செய்த சர்ட்டிபிகேட்டை நீட்டுவான். அதை வாங்கி விரலால் சுண்டிப் பார்த்து, "மேல பிளாஸ்டிக்கு. இதுக்கு ஐம்பது" என்பார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கொடுத்த சிபாரிசுக் கடிதம் வெளியே வந்தால், அதன் அடியிலுள்ள முத்திரையைக் காட்டி, "ரப்பர் ஸ்டாம்பு. இதுக்கும் ஐம்பது." அபேட்சகர் மூக்குக்கண்ணாடி அணிந்தவராயிருந்தால் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்குக் கழிவில்ல" என்று திருவாய் மலர்ந்து, அந்தப் பிள்ளையின் முகம் மலர்வதற்கு வேண்டிய அவகாசத்தையும் கொடுத்து, "ஆனா ஃபிரேம் பிளாஸ்டிக்கு" என்று முடிப்பார். நேற்றுத்தான் தேறி வந்தவனாயிற்றே, அவனிடம் எதைக் கழிப்பார் என்று நினைக்கிறீர்களா? "கழிவு இல்லதான் தம்பி. ஆனா சாமானே இல்லியே, எதுல கழிக்கிறது?"

இவ்வளவு சொன்னவன் இன்னொன்றைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அங்கே நிற்கும் ஏதாவதொரு வேனின் நசுங்கலைக் குடையால் சுட்டி, "இது எப்ப பட்டது?" என்று கேட்பார். "எவ்வளவு செலவாகும்?" என்று கணக்குப் போடத் தொடங்குகிற பையன் அங்கேயே தோற்றான். பெரியவர் குனிந்து, பெயிண்ட் பெயர்ந்த மடிப்பில் நகத்தை ஓட்டுவார். நகத்தில் செந்துரு ஒட்டும். புதிதாய்ப் பட்ட அடியில் தகடு வெள்ளையாய் மினுங்க வேண்டும். மலைப்பனியில் துரு சீக்கிரம் ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, இது முந்தாநாள் பட்டதல்ல, போன மழைக்கு முந்தியது என்பார். வளைவுச் சுவரில் மோதினேன் என்று டிரைவர் சாதித்தால், சுவர் முழங்கால் உயரம், நசுங்கல் இடுப்பு உயரம் என்று குடையாலேயே அளந்து காட்டுவார். அந்த நேரத்தில் அவர் காலில் விழலாம் போலிருக்கும். மெய்யாகவே நஷ்டப்பட்டவனுக்கு அவர் ஒரு ரூபாய் குறைத்து எழுதி நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்த நியாயம் தம்மிடம் சேரும் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? திரும்பி இறங்கும்போது, சம்பளம் என்று எவனாவது வாயெடுத்தால், "வளைவு வருது தம்பி, ரோட்டைப் பாருங்க" என்பார். இருபது வளைவுக்கும் அதே பதில்தான். வேலையில் சேர்ந்த பிறகு, போட்டோ எடுப்பது அவன், ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட்டுக்கு மல்லுக்கட்டுவது அவன், கெடு முடிவதற்குள் ராத்திரி கண்விழித்து ரிப்போர்ட் எழுதுவதும் அவன். கையெழுத்து இவருடையது, பீஸும் இவருடையது. பயிற்சி முடித்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவரும் இவரேயாகையால் அவன் வாய் திறப்பதில்லை. பத்து வருஷம் தாண்டிய இரும்புக்குக்கூட அட்டவணை பாதி மதிப்பை விட்டுவைத்திருக்கிறது; உழைக்கிற பிள்ளைக்கு அந்தப் பாதியையாவது கொடுத்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?