கல் அங்கேயே, கணக்கு எங்கேயோ

ஜமீன் ஊரான சிவகிரியில் ஒருகாலத்தில் நிலத்துக்கு ஒரே எஜமான். 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் போனது. இப்போது பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, எப்.எம்.பி. (புலப்படம்) என்று ஐந்து காகித எஜமானர்கள்.

1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலவரித் திட்டம் இந்தப் பதிவேடுகளைச் சீராக்க வந்தது. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் ஏறின. சில பெயர்களும் அளவுகளும் வழியிலேயே இறங்கிக்கொண்டன. அந்தப் பிழைகளைச் சரிசெய்யும் மனுவுக்கு ‘யு.டி.ஆர். திருத்தம்’ என்று பெயர். திருத்தத்துக்கே திருத்தம்!

ஒருவரின் கிரயப் பத்திரத்தில் 50 சென்ட், பட்டாவில் 18 ஏர் என்று வையுங்கள். ஏருக்கு 2.47 சென்ட், பெருக்கினால் நாற்பத்து நாலரைதான். மிச்ச ஐந்தரை சென்ட்? பக்கத்து வயல்காரர் அதில் எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

1802-இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய நில அளவை இமயமலை வரை போய்விட்டது. சிவகிரி வரப்புக்கு வர மட்டும் தனி மனு, தனிக் கட்டணம், சர்வேயருக்கு ஒழிந்த ஒரு நாள்.

ஒரு ஆறுதல்: 2019 நவம்பரில் சிவகிரியையும் சேர்த்துத் தென்காசி தனி மாவட்டமானது. திருநெல்வேலிக்கு அலைந்தவர் இனி தென்காசிக்கு அலையலாம். பஸ் காசாவது மிச்சம்.