வைஃபை வராத வினாவும் நன்னூலார் வகுத்த விடைகளும்

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வரையறுத்தது 13ஆம் நூற்றாண்டில். அப்போது லினக்ஸ் இல்லை. இருந்தும், லினக்ஸ் போட்ட கணினியில் வைஃபை வரவில்லை என்று இணையத்தில் முறையிடுபவனுக்கு என்னென்ன பதில் வரும் என்பதை அவர் முன்கூட்டியே வகைப்படுத்தி வைத்துவிட்டார். தமிழாய்வுலகம் இதைக் கண்டுகொள்ளாதது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது. அதற்குத் தனி நிதிநல்கை வேண்டும்.

முதலில் மூலம். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் குழுவுக்கு ஒரு மடல் எழுதினார். இயங்குதளம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், வெறும் பொழுதுபோக்குதான் என்று சொல்லிவிட்டு, மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்டார். ஆக, லினக்ஸ் ஊருக்குத் தெரிய வந்ததே ஒரு வினாவோடு. கடைக்காரரிடம் அரிசி உண்டோ என்பதுபோல, ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்டதால் இது கொளல் வினா. அறியா வினா என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாமை வெளிப்படை.

நம் காலத்துப் புதியவர் கேட்பதுதான் கலப்படமில்லாத அறியா வினா: "வைஃபை வரல, ஹெல்ப் பண்ணுங்க." மாதிரி எண் இல்லை, பதிப்பு இல்லை, வினாக்குறிகூட இல்லை. கேள்வி கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்ட் 2001இல் எழுதிய நீண்ட கட்டுரையை நன்னூல் மொழியில் ஒரு வரியாகச் சுருக்கலாம்: அறியா வினாவோடு வராதே, ஐய வினாவோடு வா. கயிறோ பாம்போ என்று கேட்பவனுக்குத்தான் யாரும் விளக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். டிரைவர் இல்லையோ ஃபர்ம்வேர் இல்லையோ என்று கேட்கத் தெரிந்தால் பாதி நோய் தீர்ந்த மாதிரி. அவ்வளவு தெரிந்தவன் எதற்கு இங்கே வந்து நிற்கப்போகிறான் என்ற ஐயம் மட்டும் இக்கட்டுரையாளருக்கு உண்டு.

இனி விடைகள். சென்னைக்கு வழி எது என்றால் கையை நீட்டி "இது" என்பது சுட்டு. இங்கே கைக்குப் பதில் நீல நிறத்தில் ஒரு இணைப்பு. திறந்தால் அங்கே வேறொருவர் இதையே கேட்டிருப்பார், அவருக்கும் ஒருவர் சுட்டியிருப்பார். மூன்றாவது சுட்டில் பக்கமே இருக்காது. "அந்தச் சிப் இதுல ஓடாதுங்க" என்பது மறை. மனம் நொந்தாலும் நேரம் மிச்சம். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்ற உற்றது உரைத்தலால் ஆறுதல் வரும், வைஃபை வராது.

ஏவல்தான் பேர்போனது. "செய்வாயா?" என்றால் "நீயே செய்" என்பதுபோல, "கையேட்டைப் படி." லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச்சைப் பயன்படுத்துபவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அவர்களுடைய விக்கி அத்தனை நேர்த்தியானது. உபுண்டு என்ற இன்னொரு வகையை வைத்திருப்பவர்களும் ஓசைப்படாமல் அங்கே போய்த்தான் படிக்கிறார்கள். ஏவலில் கடுமை இருக்கிறது, பொய் இல்லை. ஒரே சங்கடம், படிக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

இந்தச் சுழலுக்குத் தத்துவப் பின்புலமும் உண்டு. முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருப்போம் என்று 1997இல் தன் சமூக ஒப்பந்தத்தில் டெபியன் என்ற லினக்ஸ் வகை வாக்குக் கொடுத்தது. பல வைஃபை சிப்புகளுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்றது அல்ல. ஆகவே அது அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இருக்கவில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, வைஃபை வந்த பிறகு. வாக்கைக் காப்பாற்ற அரிச்சந்திரன் சுடலை காத்தான். டெபியன்காரர் ஈதர்நெட் வயரைத் தேடிக்கொண்டிருந்தார். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல்தான் ஃபர்ம்வேரை வட்டோடு சேர்த்தார்கள்.

"ஆடுவாயா?" என்றால் "பாடுவேன்" என்பது இனமொழி. "உபுண்டுவில் வைஃபை வரவில்லை" என்றால் "மின்ட் போடுங்க" என்பதும் அதுவே. உபுண்டு டெபியனுக்குப் பிறந்தது, மின்ட் உபுண்டுவுக்குப் பிறந்தது. இனம் என்ற சொல் இவ்வளவு அச்சாகப் பொருந்தும் என்று முனிவரே எதிர்பார்த்திருக்கமாட்டார். பல்வலிக்கு வீடு மாற்றச் சொல்லும் இந்த மருத்துவத்தில் சில சமயம் வலி போய்விடுவதுதான் ஆய்வாளனைக் குழப்புகிறது.

நேர்விடையே உத்தமம் என்று இலக்கணம் படித்தவர்கள் நினைப்பார்கள். களத்தில் அப்படி இல்லை. எதையும் விசாரிக்காமல் "இதை டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டுங்க" என்பவரைக் கண்டு அஞ்ச வேண்டும். ஆர்எம் என்று தொடங்கிச் சாய்கோட்டில் முடியும் கட்டளை ஒன்றைப் புதியவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான்கள் இருந்தார்கள்; தட்டினால் வட்டு காலி. இன்றைய லினக்ஸில், தனியாக ஒரு சொல் சேர்த்து வற்புறுத்தினாலொழிய அந்தக் கட்டளை மறுத்துவிடும். அதற்கு முன்பு காத்தது உறுவது கூறல்: "தட்டாதீங்க, எல்லாம் போயிரும்!" மாறாக, வினா எதிர் வினாதல் எரிச்சலூட்டும். எந்தப் பதிப்பு, எந்தக் கர்னல், எல்எஸ்பிசிஐ என்று அடித்தால் என்ன காட்டுகிறது? சம்பளம் வாங்காத ஒருவர், தன் சோற்று வேளையில், நம் அட்டையைப் பற்றி நம்மைவிட அதிகமாகக் கவலைப்படுகிறார் என்று அதற்குப் பொருள்.

நன்னூலார் விட்டுப்போன ஒன்பதாம் விடை ஒன்று உண்டு. கேட்டவனே வந்து "தீர்ந்துவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டு மறைவது. எப்படி என்று இருக்காது. இதற்குத் தன்விடை என்று பெயர் சூட்டி, அப்படி எழுதுபவர்களை வன்மையாகக் கண்டிக்க எண்ணியிருந்தேன். இடையில் களப்பணி குறுக்கிட்டது. என் பழைய மடிக்கணினியில் வைஃபை போய், முகம் தெரியாத ஒருவர் விடிய விடியக் கேள்வி கேட்டு, பதினான்கு கட்டளைகள் தட்டிய பிறகு, மூலையில் அந்த விசிறிச் சின்னம் நிறைந்தது. தூக்கக் கலக்கத்தில் "தீர்ந்தது, நன்றி" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

நான்கு மாதம் கழித்து, அதன் கீழே ஒருவர்: "சார், எப்படித் தீர்ந்தது?"

பதினான்கில் எது என்று எனக்கே தெரியாது. சற்று யோசித்துவிட்டு எழுதினேன்: "உங்களுடையது எந்தப் பதிப்பு?"