தேங்காய் எண்ணெய் உறையும் காலம்: சுவாமிமலை – ஷாங்காய் ஒப்பாய்வு

குளிர்காலம் எது என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. சீன வானிலைக் கணக்குப்படி, ஐந்து நாள் சராசரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குளிர்காலம். 22-க்கு மேலே இருந்தால் கோடை. இந்தக் கணக்கை மார்கழிச் சுவாமிமலையில் போட்டுப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டேதான் போட்டேன். விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலும் பகல் வெயில் சராசரியைத் தூக்கிவிடுகிறது; நாங்கள் இருப்பது கோடை என்று விடை வந்தது. மஃப்ளரும் குரங்குக் குல்லாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்லக்கூடிய விடையா இது?

வேறு அளவுகோல் தேடியபோது அது குளியலறை மாடத்திலேயே இருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகும். அதற்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். குப்பியைக் கவிழ்த்தால் எண்ணெய் வராத காலமே குளிர்காலம். கருவிக்குக் கரண்ட் வேண்டாம், பழுதானால் தலையில் தேய்த்துக்கொள்ளலாம்.

அடியில் மட்டும் வெள்ளை படிவது 'கலங்கல்' நிலை. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுத் தோண்டவேண்டி வந்தால் 'கட்டி' நிலை. இதற்கும் மேலே 'பளிங்கு' என்று ஒன்று உண்டு. அது சுவாமிமலையில் பதிவானதில்லை, ஷாங்காயில் என் மகன் வீட்டில் பதிவாகியிருக்கிறது. நல்லெண்ணெயை ஆய்வில் சேர்க்கவில்லை. இரண்டு ஊரிலும் அது உறையாமல் இருந்து ஆய்வாளனை அவமதித்தது. உறைவது, உருகுவது பற்றிச் சிலை வார்க்கும் எங்கள் ஊர் ஸ்தபதிகளைக் கேட்டிருக்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பதம் பார்க்கிற கை அவர்களுடையது. கேட்டால் இந்தக் கட்டுரை ஒரு வரியில் முடிந்துவிடும் என்பதால் பட்டறைப் பக்கமே போகவில்லை.

ஷாங்காய்த் தரவுகள் தினமும் காலை ஆறு மணிக்கு வீடியோ காலில் திரட்டப்பட்டன. அங்கே அப்போது எட்டரை. மகன் சொல்லத் தகப்பன் கேட்டுக்கொள்வது ஆய்வு மரபா என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்க் கோயிலின் 60 படி ஏறி மேலே போய்த் தகப்பன்சாமியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

"அங்க எவ்வளவுப்பா?"

"இருபத்தொண்ணுடா. தாங்கல."

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டிருந்தான்.

ஏன் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் என்பதை விசாரித்தபோதுதான் இந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு கிடைத்தது. சீனாவில் சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் சேர்த்து ஒரு கோடு. 1950-களில் வகுத்த ஏற்பாட்டின்படி, கோட்டுக்கு வடக்கே உள்ள நகரங்களில் குழாய் வழியே வீடு வீடாகச் சூடு வரும், தெற்கே வராது. பெய்ஜிங்குக்கு நவம்பர் 15-இல் திறந்து மார்ச் 15-இல் மூடுவது வழக்கம். நமக்கு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிற மாதிரி. ஷாங்காய் கோட்டுக்குத் தெற்கே, அதாவது பாசனமே இல்லாத மானாவாரி. தண்ணீர் உறைகிற பெய்ஜிங்கில் வீட்டுக்குள் பனியனோடு நடமாடுகிறார்கள். ஜனவரி சராசரி 5 டிகிரி உள்ள ஷாங்காயில் வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து புகை வருகிறது. கடைமடை விவசாயியிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். கோடு போட்டவன் வீடு எந்தப் பக்கம் என்றும் கேட்பார்.

சூட்டுக்கு அவரவர் பாடு. ஏ.சி.யைத் திருப்பி வைத்தால் சூடு மேலே போய்க் கூரையோடு நின்றுவிடுகிறது; கால் விறைத்தது விறைத்தபடி. துவைத்த துணி மூன்று நாள் ஆகியும் காய்வதில்லை. ஜலதோஷமோ வயிற்றுவலியோ, எதைச் சொன்னாலும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி தரும் வைத்தியம் வெந்நீர். இதைக் கேட்டதிலிருந்து என் மனைவிக்குச் சீனாமேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இட்லி மாவு விஷயத்தில் இரு ஊருக்கும் ஒற்றுமை தெரிகிறது. மார்கழியில் எங்கள் வீட்டு மாவும் பொங்காமல் அடம்பிடிக்கும். சட்டியை அடுப்போரம் நகர்த்தி, மேலே பழைய துண்டு சுற்றுவோம். ஷாங்காயில் அடுப்போரமும் சில்லிட்டுக் கிடப்பதால் மருமகள் மாவுச்சட்டியைக் கட்டிலில் எலெக்ட்ரிக் கம்பளிக்கு அடியில் வைக்கிறாள்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசி பிறந்தும் மச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை; மாடத்துக் குப்பி தெளிந்து எண்ணெய் தாராளமாக ஊற்றியது. அங்கே என்ன நிலை என்று கேட்டதற்குப் பேத்தி படம் எடுத்து அனுப்பினாள். கம்பளிக்கு அடியில் மாவுச்சட்டி. பக்கத்தில் தலையணை வைத்துப் படுத்திருந்தது எண்ணெய்க் குப்பி. மகன் கீழே சோபாவில்.