ஏகப் பிரதிநிதிகளுக்கு ஒரு வாழ்த்துமடல்

எண்திசையும் புகழ் மணக்கும் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கப் பெருந்தகையீர்! கர்நாடக எல்லையில் அத்திபெலே சோதனைச் சாவடியோரம் வசிக்கும் அற்பத் தமிழன் அடிபணிந்து எழுதும் மடல் இது.

தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்னும் பட்டத்தை வெறும் ஓட்டுப்பெட்டியில் வாங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகிப்போயிருக்கும்! தாங்களோ பாடுபட்டுச் சம்பாதித்தீர்கள். 1986இல் சக தமிழ்ப் போராளி இயக்கமான டெலோவின் தம்பிமாரைச் சில நாள்களிலேயே துடைத்தெடுத்து, அவர்தம் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் கழித்தருளினீர்கள். 1989 ஜூலையில் கொழும்பில் தமிழ் அரசியல் தலைவர்களான அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் பேச வந்தவர்கள் என்று நம்பித் தங்கள் தூதர்களை வீட்டுக்குள் விட்டார்கள். அந்த உபசாரத்துக்குத் தாங்கள் செய்த கைம்மாறு உலகறிந்தது. யோகேஸ்வரனின் துணைவியார் சரோஜினி 1998இல் யாழ்ப்பாண மேயரானார். கணவரைப் பிரிந்து அவர் எத்தனை காலம்தான் வாடுவார்? மே மாதமே அனுப்பிவைத்தீர்கள். அடுத்த மேயர் சிவபாலனுக்குச் செப்டம்பர்வரை ஆயுள் நீட்டித்துக் கொடுத்த பெருந்தன்மையை எப்படிப் பாட!

ஈகையிலும் குறையில்லை. 1990 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரைவிட்டுக் கிளம்ப முழுதாக இரண்டு மணி நேரம் வழங்கினீர்கள். நகை, பணம், கடைச்சரக்கு, தலைமுறை தலைமுறையாய் இருந்த வீடு என்ற பாரமெல்லாம் அவர்களை வாட்டாதபடி தாங்களே ஏற்றுக்கொண்ட தியாகத்தைக் கண்டு கர்ணனும் வெட்கியிருப்பான்.

எங்கள் பக்கத்தையும் தாங்கள் மறக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற திருப்பணி முடித்த சிவராசனும் சுபாவும் 1991 ஆகஸ்டில் பெங்களூருக் கோணனகுண்டேயில் உயிர் துறந்து, அந்தப் பேட்டைக்கு அகில இந்தியக் கீர்த்தி சேர்த்தார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் தஞ்சமிருந்த ஈழத்து ஏழைகளுக்கோ, அதற்குப் பின் காவல்துறையின் இடைவிடாத கவனிப்பே வாய்த்தது. அதுவும் தங்கள் கொடைதான்.

வன்னியில் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துவந்து துப்பாக்கி கொடுத்து, பரீட்சை எழுதும் தொல்லையிலிருந்து விடுவித்தீர்கள். பிறகு 2009. முள்ளிவாய்க்காலில் அரசின் பீரங்கிகள் ஆள் பார்க்காமல் கொன்று குவித்தன, நளினமற்ற வேலை. தாங்களோ கரையேறித் தப்ப முயன்ற தமிழர்களை, தமிழர்கள் என்று நன்றாகத் தெரிந்தே, குறிபார்த்துச் சுட்டீர்கள். பிரதிநிதி இங்கிருக்க மக்கள் மட்டும் தப்பிப் போவது முறையாகுமா?