எச்.ஆர். சந்நிதானத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெருங்கருணை கொண்ட எச்.ஆர். பெருமக்களுக்கு,

வீட்டிலிருந்தே வேலை பார்க்க விதிவிலக்குக் கேட்டு நான் போட்ட விண்ணப்பத்தை உங்கள் போர்ட்டல் நேற்று திருப்பி அனுப்பிவிட்டது. ‘உடல்நிலை சரியாகும் உத்தேசத் தேதி’ என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லையாம். நிரப்பலாம்தான், உங்கள் காலண்டர் 90 நாளுக்கு மேல் நகர மறுக்கிறது. எனக்கு வந்தது இளம்பிள்ளை வாதம். 2014 மார்ச்சில் இந்தியாவைப் போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. என் கால்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ‘நிரந்தரம்’ என்று போட்டிருக்கிறது. அரசாங்கத்துக்கு உங்கள் அளவுக்கு நம்பிக்கை கிடையாது போலும்.

வாரம் மூன்று நாள் ஆபீஸ் எதற்கு என்று சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறீர்கள்: கூட்டு மனப்பான்மை வளர. அது நாலாவது மாடியில் எழுந்தருளியிருக்கிறது, மூலவர் என்பதால் புறப்பாடு கிடையாது, பக்தர்தான் ஏறி வர வேண்டும். புரிகிறது. லிப்ட் ஓடாத நாட்களை நடை சாத்திய நாட்களாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆனால் 2020 ஊரடங்கில் மூலவரே லேப்டாப் உருவில் கூரியர் ஏறி எல்லார் வீட்டுக்கும் வந்தாரே! அப்போது என் வேலையைப் பாராட்டி கிளையன்ட் போட்ட மெயிலை ஆபீஸ் முழுக்க ஃபார்வர்டு செய்ததும் நீங்கள்தான்.

போன வாரம் தரிசனத்துக்கு வந்தேன். சாய்தளத்தை மறித்து வரிசையாக பைக்குகள். செக்யூரிட்டி அண்ணன்கள் என்னை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். பல்லக்கு மரியாதைக்கு நன்றி. மேலே போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, புனேவிலும் நொய்டாவிலும் இருக்கும் என் டீமோடு சாயங்காலம் வரை பேசினேன். டீமில் சென்னைக்காரி நான் ஒருத்திதான். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம்” என்றார் பக்கத்து சீட்காரர். மூலவர் எனக்கு அருளிய ஒரே வாக்கு அதுதான்.

சக்கர நாற்காலி நுழையக்கூடிய ஒரே கழிவறையில் மாப்பும் பக்கெட்டும் பினாயில் கேன்களும் குடியிருக்கின்றன. சாவி ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம்; அவர் அன்றைக்கு லீவு. இதற்குப் பயந்துதான் ஆபீஸ் வரும் நாளில் காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சம்பளம் கொடுத்து ஒரு மனுஷியை இப்படித் தொண்டை காய உட்கார வைத்துவிட்டு, அதற்குக் கூட்டு மனப்பான்மை என்று பெயர் வேறு வைக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். தாகத்தில் வாய் நீண்டுவிட்டது. தங்கள் பெருமைக்கே வருகிறேன்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் கம்பெனி என்றால், என்னென்ன வசதி செய்து தரும் என்பதையும் அதில் எழுத வேண்டும். நம் கம்பெனியும் வழவழ தாளில் வெளியிட்டிருக்கிறது. ‘வீட்டிலிருந்து வேலை’ என்ற பேச்சே அதில் இல்லை. அட்டையில் மட்டும் நான் இருக்கிறேன், மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று நீங்கள் கொடுத்த ரோஜாப்பூவோடு. மூலவர் சந்நிதியில்தான் படம் எடுப்பதாக இருந்தது. லிப்ட் ஓடாததால் ரிசப்ஷனிலேயே முடித்துக்கொண்டார்கள்.

விண்ணப்பத்தை மறுப்பதானால் தாராளமாக மறுங்கள். அட்டையில் என் படமும் இனி வாரம் மூன்று நாள் மட்டும்தான் சிரிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் அட்டைப்பட அழகி