மூவாயிரம் பிக்சல் உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளத்து ஓரமாகக் கார் நின்று, கறுப்பு பனியன், கறுப்பு பேன்ட், கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் இறங்கி, கைவிரல்களால் சட்டம் போட்டு வானத்தை அளந்தால் அவர்தான் ஆல்பம் கவர் டிசைனர். மனை பார்க்க வந்தவரென்று நினைத்து எங்களூர் புரோக்கர் ஓடிவந்து ஏமாந்திருக்கிறார். பக்கத்துக் கழுவெளி ஏரிக்கு வலசை வந்த பறவைகள் ஊர் திரும்பும்போது இவருடைய பருவம் ஆரம்பிக்கும்.

சினிமாவை நம்பாமல் தாங்களே பாட்டுப் போடும் பிள்ளைகள் பெருகியதில் இவருக்கும் கிராக்கி. போன மார்ச்சில் வந்தவருக்கு வழிகாட்டியாகப் போனேன். பாட்டு தனிமையைப் பற்றியதாம். படத்தில் ஒரு ஆள்கூடத் தெரியக் கூடாதாம். இதைச் சொல்லச் சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களை வரப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். பாடகருக்கு மட்டும் அனுமதி, அதுவும் முதுகுக்கு. முகம் தெரிந்தால் கேசட்டாம், முதுகு தெரிந்தால்தான் ஆல்பமாம்.

இவருடைய குலதெய்வம் ஸ்டார்ம் தோர்கெர்சன். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 1987 ஆல்பத்து உறைக்காக இங்கிலாந்தில் சாண்டன் கடற்கரை மணலில் சுமார் 700 ஆஸ்பத்திரிக் கட்டில்களை வரிசையாகப் போட்டவர். மழை வந்து கெடுக்க, இன்னொரு நாள் அத்தனையையும் மறுபடி கொண்டுவந்து போட்டார். கம்ப்யூட்டர் வேலையில்லை, எல்லாம் நிஜக் கட்டில். இதைச் சொல்லும்போது நம்மவர் குரல் தழுதழுத்தது. நம்மவர் பட்ஜெட்டுக்கு ஒரே கட்டில். டீக்கடையில் இரவல் வாங்கிய கயிற்றுக் கட்டில்.

அதைப் பாத்தி நடுவில் வைத்து, மேலே பாடகரையும் உட்கார வைத்ததும் நாலு காலும் களிமண்ணில் இறங்கின. வரப்பில் நின்றிருந்த அம்மா ஓடிவந்தார்.

“அத்த எடு தம்பி! தரை ஓட்டையாயிட்டா தண்ணி நிக்காது. எத்தினி நாளு மிதிச்ச பாத்தி இது!”

“கவலைப்படாதீங்கம்மா, ஃபோட்டோஷாப்ல அடைச்சிடலாம்.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பக்கத்துத் தேக்கத்தில் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. வெயிலில் வற்றி உப்பு ஏற ஏற, அதிலேயே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அப்படி நிறம் காட்டுவதுண்டு. உப்புநீரின் அடர்த்தி போமே கணக்கில் 25 டிகிரியைத் தொட்டால் உப்பு இறங்க ஆரம்பிக்கும். டிசைனர் சொக்கிப்போனார். பிறகு அசல் நிறம் போலியாகத் தெரிகிறது என்று லேப்டாப்பில் அதை ஊதாவாக்கினார். அம்பாரமாய்க் குவித்திருந்த உப்பு வெளிறித் தெரிந்ததால் அதற்கும் நீலம்.

இசைத்தட்டுக் காலத்தில் பன்னிரண்டு அங்குல உறையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை பார்க்கலாம். இவர் அனுப்பியது 3000க்கு 3000 பிக்சல். ஜனங்கள் பார்ப்பது கட்டைவிரல் நகத்தளவு. அதிலும் பாதியைப் பாடகரின் பெயர் சாப்பிட்டுவிட்டது. கடல், வானம், உப்பளம் மூன்றும் சேர்ந்து ஒரு நீலப் பொட்டு.

பாட்டு வெளியானதும் போனை எடுத்துப்போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி, கையை எட்ட நீட்டி, அப்புறம் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“இது எந்த ஊரு?”

“நம்ம பாத்திதான்மா.”

நம்பவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன். பாடகரின் முதுகுக்குக் கீழே சட்டத்தில் ஒரு கயிறு அறுந்து தொங்கியது.

“அட, டீக்கடைக் கட்டிலு! அத்தத் திருப்பிக் குடுத்தாங்களா?”